அந்த ரியூப்பைக் கொடுக்க முதல்: வன்னியில் மருந்துக்கடை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமார், தங்கச்சிமாருக்கு,

ஏ9 வீதியில் ஓமந்தையிலிருந்து பரந்தன் வரைக்கும், உள்ளுக்குள்ளே நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு, விசுவமடு, அக்கராயன், பூநகரி என்று சந்திக்குச் சந்தி மருந்துக்கடை வைத்திருக்கிற உங்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். எந்தக் கடையையும் பெயர் சொல்லிக் குறை பிடிக்க வரவில்லை. அமைச்சுக்கோ பணிப்பாளருக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம், எங்கள் சனத்தின் தோலை முதலில் பார்ப்பது நீங்கள். டொக்டர் அதற்குப் பிறகுதான், அதுவும் முத்தின பிறகுதான்.

இதில் சனத்தைக் குறை சொல்ல ஏலாது. உள்ளூரில் இருந்து தோல் கிளினிக்குக்குப் போவதென்றால் விடிய முதல் பஸ் பிடிக்க வேணும், இலக்கம் எடுத்துக் காத்திருக்க வேணும், ஒரு நாள் கூலி போகும், மற்றப் பிள்ளைகளை யாரிடமாவது விட்டுப் போக வேணும். உங்கள் கடை இருட்டின பிறகும் திறந்திருக்கும். “தம்பி, பிள்ளைக்கு முழங்கை மடிப்பெல்லாம் ஒரே கடி, ஏதும் பூசத் தாங்கோ” என்று கேட்டு வந்தவரை நீங்கள் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. அனுப்பவும் வேண்டாம். எதைக் கொடுத்து அனுப்புகிறீர்கள் என்பதில்தான் எனக்குக் கதை இருக்கிறது.

நான் எந்த ரியூப்பைச் சொல்கிறேன் என்று உங்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். கடும் ஸ்ரெரொயிட் ஒன்று, பங்கசு மருந்து ஒன்று, பக்றீரியாவுக்கு ஒன்று என எல்லாம் ஒன்றாகக் கலந்து வருகிற கிறீம். படையோ, எக்ஸிமாவோ, புழுக்கடியோ எதுவென்று யோசிக்காமல் கொடுக்கலாம், உள்ளே இருக்கிறதில் ஏதோ ஒன்று பிடிக்கும் என்ற கணக்கு. பூசி மூன்றாம் நாள் கடி நிற்கும். கடைக்காரருக்கும் கைராசிக்காரன் என்று பெயர் வரும். அந்த மூன்று நாளில் வேலை செய்தது ஸ்ரெரொயிட். அது கடியையும் தடிப்பையும் அமத்தும். அடியில் இருந்தது பங்கசு என்றால், அதை எதிர்க்கிற உடம்பின் வேலையையும் சேர்த்தே அமத்திவிடும். வட்டமாக, விளிம்பு தெரிய இருந்த படை பிறகு விளிம்பில்லாமல் தொடை, இடுப்பு, பிட்டம் என்று பரந்துபோகும். பார்த்தவுடன் படை என்று டொக்டருக்கே பிடிபடாத உருவத்துக்கு வந்துவிடும். இப்படி நடக்கும் என்பது 1968இலேயே மருத்துவ ஏடுகளில் வந்த சங்கதி. இன்றைக்கு அதைவிட மோசம். வழமையான குளிசைக்கு மசியாத படை தெற்காசியா முழுக்கப் பரவிக்கொண்டிருக்கிறது. கலவைக் கிறீம்களைக் கண்டபடி பூசுவதும் அதற்கு ஒரு காரணம் என்று தோல் வைத்தியர்கள் சொல்கிறார்கள். இந்தியாவில் 2018 மார்ச்சில் 14 வகை ஸ்ரெரொயிட் பூச்சு மருந்துகளை டொக்டரின் துண்டில்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் போட்டார்கள். போட்ட பிறகும் அங்கே விற்பனை நின்றபாடில்லை என்பது வேறு கதை.

ஒரு ரியூப் எங்கே எங்கே எல்லாம் போகும் என்பதையும் சொல்ல வேணும். எங்கள் ஊர்த் தாய் ஒருவர் தன் சின்னப் பிள்ளையைக் காட்ட என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு ரியூப். வாலிலிருந்து கழுத்து வரை சுருட்டி, கடைசியில் கத்தரிக்கோலால் வெட்டி உட்பக்கத்தையும் வழித்திருந்தார்கள். எழுத்தெல்லாம் தேய்ந்து போய் “0.05” என்ற இலக்கம் மட்டும் மிச்சம். தகப்பனின் தொடையில் வந்த படைக்கு வாங்கினது, பிறகு மூத்தவளின் குதிக்காலுக்குப் போய், அங்கே இருந்து கடைக்குட்டியின் கன்னத்துக்கு வந்திருக்கிறது. பிள்ளையின் கன்னத் தோல் மெலிந்து நரம்பு நூல் நூலாகத் தெரிந்தது. வாயைச் சுற்றிப் பொடிப் பொடிக் கொப்புளம். பூசாவிட்டால் முகம் சிவந்து எரிகிறது, பூசினால் அடங்குகிறது, அதனால் விடவும் முடியவில்லை. கண்ணுக்குக் கிட்டக் கடும் ஸ்ரெரொயிட்டைக் கனகாலம் பூசினால் கண்ணுக்குள் அழுத்தம் கூடும், கண்ணில் புரை விழும் என்பதை அந்தத் தாய்க்குக் கடையில் யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லுவதற்கு அவர் கடைக்குப் பிள்ளையைக் கொண்டு போகவும் இல்லை. வெறும் ரியூப்பைக் காட்டி “இதே மாதிரி இன்னொண்டு” என்றிருக்கிறார். கிடைத்திருக்கிறது.

அந்தப் பிள்ளைக்கு இருந்தது எக்ஸிமா. ஊரில் கரப்பான் என்போம். உலகத்தில் பத்துப் பிள்ளைகளை எடுத்தால் ஒன்றுக்கோ இரண்டுக்கோ இது இருக்கிறது, ஆகவே உங்கள் கடைக்கு இது வராத கிழமை இருக்காது. இதை ஒரு தாய்க்கு எப்படிச் சொல்லலாம் என்று யோசித்துப் பார்த்தேன். இரணைமடுவும் முத்தையன்கட்டும் பார்த்து வளர்ந்த சனத்துக்குக் குளக்கட்டை வைத்துச் சொன்னால் விளங்கும். தோலின் மேற்படை ஒரு கட்டு. இந்தப் பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே அந்தக் கட்டில் கசிவு இருக்கிறது. உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போய்விடும், வெளியே இருக்கிற தூசி, சவுக்காரம், கிருமி எல்லாம் உள்ளே வரும். உள்ளே வந்ததை எதிர்த்து உடம்பு எழும்புவதுதான் அந்தக் கடியும் தடிப்பும். சொறியச் சொறியக் கட்டு இன்னும் உடையும். இப்படிக் கசிகிறவர்களில் கணிசமான பேருக்கு மேற்படையைக் கட்டுகிற ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் பழுது இருப்பதை 2006இல் கண்டுபிடித்தார்கள். அதனால்தான் தகப்பனுக்கு மூச்சு இழுப்பு, தாய்க்கு விடிய விடியத் தும்மல், பிள்ளைக்குக் கரப்பான் என்று ஒரே வீட்டில் ஓடுகிறது. இரத்தம் கெட்டுப்போனதாலோ, தாய் கர்ப்பத்தில் எதையோ தின்றதாலோ வருவதில்லை. மாமிமார் இருக்கிற வீட்டில் இதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்லலாம்.

படம் பார்த்து நோய் பிடிக்கிறவர்களுக்கு இன்னொன்று. வெளிநாட்டுப் புத்தகங்களில் எக்ஸிமா சிவப்பாக இருக்கும். எங்கள் நிறத் தோலில் அது கறுப்பாக, சாம்பல் பூத்த மாதிரி, சில வேளை மயிர்க்கால் ஒவ்வொன்றும் தடித்துச் சொரசொரப்பாக வரும். கைக்குழந்தைக்குக் கன்னத்திலும் தலையிலும், நடக்கத் தொடங்கின பிறகு முழங்கை மடிப்பு, முழங்கால் பின்பக்கம், கழுத்து, மணிக்கட்டு என்று இடம் மாறும். ஆறின இடம் கொஞ்சக் காலம் கறுத்தோ வெளுத்தோ கிடக்கும். அது தானாகப் போகும், தேய்த்துக் கழுவிப் போக்கக்கூடாது. கன்னத்தில் மங்கலாக வெள்ளைத் திட்டு இருக்கிறதென்று பூச்சிக் குளிசை கேட்டு வருவார்கள். அந்தத் திட்டுக்கும் வயிற்றுப் பூச்சிக்கும் ஒரு தொடர்பும் இல்லை. பெரும்பாலும் காய்ந்த தோல்தான், எக்ஸிமாவின் சின்னத் தங்கச்சி.

வன்னியின் காலநிலை இந்தத் தோலுக்கு ஒத்துவராது. சோளகம் அடிக்கிற மாதங்களில் புழுதியும் வேர்வையும். காலபோக வெட்டு நடக்கிற மாசி, பங்குனியில் நெல்லுச் சுனை. மார்கழி வாடையில் தோல் காய்ந்து வெடிக்கும். கிணற்றுத் தண்ணீர் கல்லுத் தண்ணீர், கரையோரம் போனால் சவர். சவுக்காரம் நுரைக்காது, நுரைக்காததால் இன்னும் தேய்ப்பார்கள், அதுவும் பல வீட்டில் உடுப்புத் தோய்க்கிற கட்டிச் சவுக்காரம். கிருமி போகட்டும் என்று வாளிக்குள் கிருமிநாசினியையும் ஊற்றுவார்கள். கசிகிற கட்டில் மண்வெட்டி போடுகிற வேலை இது. தண்ணீரை மாற்ற முடியாதே என்று கவலைப்படுகிற தாய்மாருக்கு ஆறுதலாக ஒன்று சொல்லலாம்: இங்கிலாந்தில் எக்ஸிமாப் பிள்ளைகளின் வீடுகளில் கல்லுத் தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரம் பூட்டிப் பார்த்து 2011இல் முடிவு வெளியிட்டார்கள். பூட்டாத வீட்டுப் பிள்ளைகளைவிட ஒரு முன்னேற்றமும் தெரியவில்லை. எனவே கிணற்றை விட்டுவிட்டுச் சவுக்காரத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். ஐந்து பத்து நிமிசத்தில் குளித்து முடித்து, துவாயால் ஒற்றி எடுத்து, தோல் ஈரமாக இருக்கும்போதே பூச வேணும். வீட்டுக்குள் போய், உடுப்பு மாற்றி, தலை இழுத்து, பிறகு பூசுவதென்றால் ஈரம் போய்விடும். களிம்புப் போத்தல் கிணற்றடியிலேயே இருக்கட்டும்.

தொத்தும் என்ற பயத்தைப் பற்றிக் கட்டாயம் பேச வேணும். எங்கள் சனம் கடி என்றாலே பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. 2009இல் செட்டிகுளத்து முகாம்களில் ஒரு கூடாரத்துக்குள் எத்தனை குடும்பம், குளிக்கத் தண்ணீர் எவ்வளவு என்று உங்களில் பலருக்குத் தெரியும், சிலர் அங்கே பிள்ளைகளாக இருந்திருப்பீர்கள். சிரங்கு அப்போது ஒருத்தரில் இருந்து ஒருத்தருக்குத் தாவினது எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அந்த நினைவோடு பார்த்தால் எந்தத் தோல் வருத்தமும் தொத்து வருத்தமாகத்தான் தெரியும். அதனால்தான் பள்ளிக்கூடத்தில் எக்ஸிமாப் பிள்ளையை வாங்கில் தனிய இருத்துகிறார்கள், ஆடிப்பாடக் கை கோக்கிற இடத்தில் பக்கத்துப் பிள்ளை கையை இழுக்கிறது. எக்ஸிமா தொத்தாது. கட்டிப்பிடித்துப் படுத்தாலும், ஒரே துவாய் பாவித்தாலும் தொத்தாது. உங்கள் கடையில் நாலு பேர் நிற்கும்போது, அந்த நாலு பேருக்கும் கேட்க இதைச் சொன்னீர்கள் என்றால், ரியூப் விற்றதைவிடப் பெரிய உபகாரம். இதை மட்டும் ஏன் காதுக்குள் சொல்லுகிறீர்கள் என்று எனக்கு விளங்குவதே இல்லை.

இனி உங்கள் தட்டுகளைப் பற்றி. கடைக்குள் வந்தவுடன் கண்மட்டத்தில் இருப்பது வெள்ளையாக்குகிற கிறீம்கள். எக்ஸிமாவுக்கு முதல் மருந்தான ஈரங்காக்கும் களிம்பு எங்கே என்று தேடினால், கீழ்த்தட்டில், குழந்தைச் சாமான்களுக்குப் பின்னால், சின்ன டப்பாவில். அந்த வெள்ளையாக்கும் கிறீம்களில் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது, சிலவற்றில் பெயர் போடாத ஸ்ரெரொயிட் இருக்கிறது. லேபல் சரியில்லாத, இறக்குமதியாளர் பெயர் இல்லாத சாமானை விற்பவர் எடுத்து வைக்கக்கூடாது, அவ்வளவுதான். கண்மட்டத் தட்டில் நான் கேட்கிறது வேறு: வாசமில்லாத வெள்ளைப் பரபின், எமல்சிஃபையிங் ஒயின்ற்மென்ற், வாசமில்லாத சாதாரணக் கிறீம். பெரிய போத்தலில். ஏனென்றால் உடம்பெல்லாம் எக்ஸிமா உள்ள பிள்ளைக்குக் கிழமைக்கு 250 கிராம், அதற்கு மேலும் களிம்பு தேவைப்படும். 30 கிராம் ரியூப் ஒன்றைக் கொடுத்து “மாதம் முழுக்கப் பூசுங்கோ” என்றால் அது காணாது என்பதைக் கணக்குப் பார்க்கத் தேவையில்லை. கூலி வேலை செய்கிற குடும்பம் பெயர்பெற்ற கொம்பனியின் விலை கூடின கிறீமை வாங்கி, விலைக்குப் பயந்து நகத்தால் தொட்டுத் தடவுகிறதைவிட, மலிவான பரபினை அள்ளிப் பூசுகிறது எவ்வளவோ மேல். பூசும்போது மயிர் வளர்ந்த திசைக்குத் தடவ வேணும், போத்தலுக்குள் விரலை விடாமல் கரண்டியால் எடுக்க வேணும். அக்குவஸ் கிறீம் சவுக்காரத்துக்குப் பதிலாகக் கழுவ நல்லது. அதைக் கழுவாமல் பூசி விட்டால் சில பிள்ளைகளுக்கு எரியும். அதில் சவுக்காரக் குணமுள்ள பொருள் ஒன்று சேருகிறது. எரிகிறது என்று தாய் வந்து சொன்னால் “பழகிவிடும்” என்று திருப்பி அனுப்பாமல் வேறொன்று கொடுங்கள்.

காசில்லாதவருக்கு? தேங்காய் எண்ணெய் இருக்கிறது. 2014இல் பிலிப்பைன்ஸில் எக்ஸிமாப் பிள்ளைகளுக்குச் சுத்தமான தேங்காய் எண்ணெயையும் கனிய எண்ணெயையும் எட்டுக் கிழமை பூசி ஒப்பிட்டார்கள். தேங்காய் எண்ணெய் பூசின பிள்ளைகளுக்குத்தான் நல்ல முன்னேற்றம். கருகாத, கலப்படமில்லாத, வீட்டில் எடுத்த எண்ணெயாக இருந்தால் போதும். நீங்கள் குழந்தைக்கென்று சின்னப் போத்தலில் விற்கிற ஒலிவ் எண்ணெயைத்தான் எக்ஸிமாப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம் என்கிறேன். அது தோலின் மேற்படையைப் பலவீனமாக்குவதாக 2013இல் வந்த ஆய்வு காட்டியது. விலை கூட, பலன் மாறாட்டம். வேப்பிலையும் மஞ்சளும் அவித்த தண்ணீரில் குளிக்க வார்ப்பதை நான் தடுப்பதில்லை, வெடிப்பும் நீரும் உள்ள தோலில் அரைத்துப் பூசாமல் விட்டால் சரி. பரபின் கொடுக்கும்போது ஒரு சொல் கட்டாயம் சொல்லுங்கள்: களிம்பு ஊறின உடுப்பும் படுக்கைச் சீலையும் கெதியாக நெருப்புப் பிடிக்கும். விறகடுப்படியிலும் குப்பி விளக்கடியிலும் கவனம். பீடி பத்துகிற தாத்தாவின் மடியிலும்.

இவ்வளவும் படித்துவிட்டு யாரும் ஸ்ரெரொயிட்டே கூடாது என்று முடிவெடுக்க வேண்டாம். அதுவும் நான் பார்த்து நொந்த கூத்துத்தான். டொக்டர் அளவு சொல்லி எழுதிக் கொடுத்த மெல்லிய ஸ்ரெரொயிட்டை வாங்க வந்த தாயிடம் “இது ஸ்ரெரொயிட் அக்கா, கவனம், கனக்கப் பூசாதேங்கோ” என்று ஒரு வசனம் போட்டு விடுகிறார்கள். அவர் வீட்டுக்குப் போய்ப் பயத்தில் மூன்று நாளைக்கொருதரம் ஒரு பொட்டு வைக்கிறார். எக்ஸிமா அடங்காது. அடங்காததால் கலவைக் கிறீமுக்குப் போகிறார். ஸ்ரெரொயிட் என்ற சொல் தெரியாமலேயே கடுமையானதை வாங்குகிறார். 1952இலிருந்து தோலுக்குப் பூசப்படுகிற மருந்து இது. சரியான பலத்தில், சரியான இடத்தில், சரியான நாளுக்குப் பூசினால் இதைப்போல உதவுகிறது வேறில்லை. ஒரு வீதம் ஹைட்ரோகோர்ட்டிசோன் அடிமட்டத்தில் இருக்கிறது, பீற்றாமெதசோன் வலரேற் அதைவிடக் கடுமை, 0.05 வீதக் குளோபெற்றசோல் உச்சியில். உச்சியில் இருக்கிறது தடித்துப் போன காற்பாதத்துக்கு டொக்டர் எழுதினால் எழுதட்டும். பிள்ளையின் முகத்துக்கும் அக்குளுக்கும் தொடை இடுக்குக்கும் அது போகக்கூடாது. அளவைச் சொல்ல விரல் போதும்: பெரியவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ரியூப்பிலிருந்து பிதுக்கினால் ஏறத்தாழ அரைக் கிராம் வரும், அது பெரியவரின் இரண்டு உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, அவ்வளவு இடத்துக்குக் காணும். இதை உங்கள் விரலிலேயே பிதுக்கிக் காட்டலாம். காட்டினால் மறக்க மாட்டார்கள். கடி பாதி குறைந்தவுடன் நிற்பாட்டாமல், தடிப்பு மட்டமாகும் வரை டொக்டர் சொன்ன நாளுக்குப் பூசி, பிறகு நிற்பாட்டி, களிம்பை மட்டும் தொடர வேணும். நிற்பாட்டக்கூடாதது களிம்பு.

எல்லாக் கடியும் எக்ஸிமா இல்லை, அதனால்தான் கொடுக்க முதல் கேளுங்கள் என்கிறேன். வீட்டில் வேறு யாருக்கும் கடி இருக்கா, இரவில் கூடுமா, விரலிடுக்கில் இருக்கா? ஆம் என்றால் சிரங்கு. பேர்மெத்ரினோ பென்சில் பென்சோவேற்றோ வீட்டில் எல்லாருக்கும் ஒரே நாளில் பூச வேணும், கடியில்லாதவருக்கும். படுக்கை உடுப்பை வெந்நீரில் போட்டு வெயிலில் காயவிட வேணும். ஒரு ரியூப் வாங்கிக்கொண்டு போய்க் கடிக்கிற பிள்ளைக்கு மட்டும் பூசினால் அடுத்த மாதமும் உங்களிடம்தான் வருவார்கள். வட்டமாக, விளிம்பில் செதில், நடு வெளுத்து இருந்தால் படை, அதற்குப் பங்கசு மருந்து மட்டும், கலவை வேண்டாம். தோட்டத்திலும் வயலிலும் நிற்கிற பெரியவருக்கு முகம், கழுத்து, கண்ணிமை, முழங்கை மடிப்பு தடித்துக் கறுத்திருந்தால் அவரின் காணியில் பார்த்தீனியம் இருக்கா என்று கேளுங்கள். அந்தக் களை இலங்கையில் 1999இல் வவுனியாவில்தான் முதலில் பதிவானது, பிறகு எங்கள் பக்கம் எங்கும் பரந்தது. அதன் தூள் காற்றில் வந்து பட்டாலே சிலருக்குத் தோல் தடிக்கும். எத்தனை ரியூப் பூசினாலும் களை நிற்கும்வரை தீராது. கையுறையும் நீட்டுக் கைச் சட்டையும் போட்டு, பூக்க முதல் பிடுங்க வேணும். மேசன் வேலை செய்கிறவரின் கை வெடிப்புக்குச் சீமெந்தைக் கேளுங்கள். அதில் இருக்கிற குரோமியம் ஒத்துக்கொள்ளாமல் வருகிற எக்ஸிமாவும் இருக்கிறது.

கொடுக்காமல் அனுப்ப வேண்டியவர்களும் உண்டு. கையிலோ முகத்திலோ நோகாத ஒரு பரு, கிழமைக் கணக்கில் ஆறாமல் நடுப் புண்ணாகிக் கிடந்தால் லெஷ்மானியாவாக இருக்கலாம். மணல் ஈ கடித்து வருவது, இலங்கைக்குள் தொத்திய முதல் ஆள் 1992இல் கண்டறியப்பட்டார், 2008இலிருந்து கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய். காட்டோரம் வேலை செய்கிற வன்னிச் சனத்துக்கு இது தூரத்துச் சங்கதி இல்லை. உணர்ச்சி மரத்த வெளிர்த் திட்டு என்றால் தொழுநோய்க்குப் பார்க்க வேணும். மருந்து இலவசம், முழுக்க மாறும், பிந்தினால்தான் கை கால் போகும். எக்ஸிமா உள்ள இடம் மஞ்சளாகப் பொருக்குக் கட்டி நீர் வடிந்தால் கிருமி ஏறிவிட்டது. அதைவிட அவசரம் ஒன்று: எக்ஸிமாப் பிள்ளைக்குத் திடீரென்று காய்ச்சலோடு, கூட்டங்கூட்டமாய் ஒரே அளவில் சின்னக் கொப்புளம் எழும்பி, உடைந்து வட்டப் பள்ளமாகி, கடியைவிட நோ கூட இருந்தால், அது வாய்க்கொப்புள வைரசு தோலில் இறங்கினது. அன்றைக்கே ஆஸ்பத்திரி. அந்தப் பிள்ளைக்கு ஸ்ரெரொயிட்டைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் கண்ணும் போகலாம், உயிரும் போகலாம்.

சாப்பாட்டைப் பற்றியும் உங்களிடம்தான் கேட்பார்கள். கரப்பான் என்றவுடன் முட்டை, இறால், நண்டு, கத்தரிக்காய், அன்னாசி எல்லாவற்றையும் நிற்பாட்டிவிடுவார்கள். பால் குடுக்கிற தாய் மீனையும் விட்டுவிட்டுச் சோறும் ரசமுமாய்க் கிடப்பார். சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்திலேயே உதடு வீங்கி, உடம்பு தடித்து, சத்தி வந்தால் அந்தச் சாப்பாட்டை விட்டு டொக்டரைக் காண வேணும். மற்றப்படி, வளருகிற பிள்ளையின் முட்டையை ஊகத்தில் பிடுங்க வேண்டாம். “பிரிற்றன்” குளிசையும் அப்படித்தான், எக்ஸிமாக் கடிக்கு அது பெரிதாக வேலை செய்யாது, பிள்ளையை நித்திரையாக்கும். அடுத்த நாள் வகுப்பில் தூங்கி விழுந்து அதற்கும் அடி வாங்கும்.

சட்டத்தை நான் எடுத்துவைக்கத் தேவையில்லை. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை இருக்கிறது, உங்கள் உத்தரவுப் பத்திரம் சுவரில் தொங்குகிறது, கடும் ஸ்ரெரொயிட் துண்டுக்குக் கொடுக்க வேண்டியது என்பது நீங்கள் படித்ததுதான். கடையில் மருந்தாளர் இல்லாத நேரத்தில் சாமான் எடுத்துக் கொடுக்கிற பிள்ளைகளுக்குத்தான் அது தெரியாது. அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். “நாங்கள் குடுக்காட்டி அடுத்த கடையில் வாங்குவினம்” என்று ஒரு தம்பி என்னிடம் நேரே சொன்னார். உண்மைதான். அதனால்தான் ஒருவருக்கு எழுதாமல் எல்லாருக்கும் எழுதுகிறேன். ஒரு சந்தியில் இருக்கிற மூன்று கடையும் பேசி வைத்துக்கொண்டால் வாங்குகிறவர் நாலாவது கடையைத் தேடிப் பஸ் ஏற மாட்டார். ஏறுகிற பஸ் கிளினிக்குப் போகிறதாக இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று, காசில்லாத வேலை. துண்டோடு வந்தவருக்கு ரியூப் கொடுக்கும்போது பெட்டியின் மேல் தமிழில் மூன்று சொல் எழுதுங்கள்: யாருக்கு, எந்த இடத்துக்கு, எத்தனை நாளைக்கு. “சின்னவன், முழங்கை மடிப்பு, ஏழு நாள். முகத்துக்கு வேண்டாம்.” ரியூப்பிலேயும் அதை எழுதி ஒட்டினால் நல்லம், பெட்டியை அன்றைக்கே அடுப்பில் போட்டுவிடுவார்கள். ஒட்டுகிற துண்டு அச்சடிக்க வாசகம் வேணுமென்றால் நான் எழுதித் தருகிறேன். கூப்பிட்டால் கடைக்கு வந்து உங்கள் பிள்ளைகளுக்கு விரலில் பிதுக்கியும் காட்டுகிறேன். சோளகம் தொடங்க முதல் கூப்பிட்டால் நல்லது, அதற்குப் பிறகு சனம் வந்து குவியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி ஒருவர்,
கிளிநொச்சி மாவட்டம்.